ஆறு உறைகள்

பழஞ்சந்தையில் பதினெட்டு யூரோ.
தவிட்டு நிறத்தில் ஒரு கையடக்க விளையாட்டுப் பெட்டி.
பேட்டரி மூடியின் உட்புறம்
காம்பஸ் முனையால் யாரோ கீறியிருந்தார்கள்:
'கைசாவுடையது. தொடாதே.'
தொட்டேன்.
மூன்று மூலைத் திருகாணி ஆறு,
பொத்தானுக்கடியில் என்றோ கொட்டிய குளிர்பானம்
வெல்லப்பாகாய் இறுகி.

இதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது.
சன்னலோரம் உட்கார்ந்து ஆடவேண்டும்.
கெமி நகரத்து டிசம்பரில் சன்னலோரம் என்பது
பதினொன்றிலிருந்து ஒன்றேமுக்கால் வரை,
அதுவும் மரக்கூழ் ஆலையின் புகை மனது வைத்தால்.

ஆகவே திரையின் முதுகிலிருந்த வெள்ளித்தாளை
பிளேடால் உரித்தேன்.
முப்பது வருஷத்துப் பசை, காடி நாற்றம்.
அவித்த முட்டையின் சவ்வை எடுப்பதுபோல
மூச்சடக்கி, ஒரு ஓரத்திலிருந்து.
ஒன்றரை மணி நேரம்.
கண்ணாடி பிழைத்தது. கட்டைவிரல் பிழைக்கவில்லை.

மேசைமேல் ஆறு உறைகள்,
தீப்பெட்டி அகலத்தில் ஆறு ஒளித்தகடுகள்.
எரியாதபோது எல்லாம் ஒரே பால்வெள்ளை.
எது எதுவென்று உறை சொன்னால்தான் உண்டு.

உறை சொல்லாதது ஒன்று.
நான் ஆடுவது படுக்கையில்.
பக்கத்தில் வெய்க்கோ,
இரவுப்பணி முடித்த செவிலியன், மூச்சுப்பிரிவு, மூன்றாம் மாடி.
கட்டைகள் திரையில் விழும், அடுக்குவேன்,
வெளிச்சம் அவன் முகத்தில் விழும்.

பிற்பகல் மூன்று, வெளியே நல்ல இருட்டு.
தகடுகளை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனேன்
களவாணி மாதிரி.

நீலம்தான் முதலில். எனக்குப் பிடித்த நிறம்.
அவன் உதடு நீலமானதும்
கை தானாக வயரைப் பிடுங்கிவிட்டது.
சாப்பாட்டு மேசையில் அந்தப் பிரிவின் கதைகளைக்
கேட்டுக்கொண்டே உருளைக்கிழங்கு தோலுரிப்பவள் நான்.

சிவப்பு கண்ணைக் கெடுக்காதாம்,
துறைமுகத்தில் நிற்கும் பனியுடைப்புக் கப்பலில்
இரவுக் காவலுக்கு அதுதானாம்.
அதில் அவன் கோபமாகத் தெரிந்தான்.
நேற்றுக் கத்தியது நான்.
அணைத்தேன்.

வெள்ளை, குளிர்பெட்டிக் கதவு.
ஊதாவில் அவன் மீன் தொட்டிக்குள் கிடந்தான்,
சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்தேன்.
பச்சையைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தேன்,
நல்ல பச்சை, இளந்தளிர்.
பிறகு புரிந்தது: வெளியேறும் வழி என்று
மருத்துவமனைக் கதவுமேல் எரிவது இதே பச்சை.
பன்னிரண்டு மணி நேரம் அதனடியில் நின்றுவிட்டு
வெளியேறாமல் இருந்தவன்.

ஆறாவது உறை சரசரத்தது.
கண் திறக்காமலே சொன்னான்:
"எந்த நிறமோ வை.
அணைக்க ஒரு சுவிட்ச் வை."

எனக்கு இது தோன்றவேயில்லை.

பழைய சைக்கிள் விளக்கிலிருந்து சுவிட்சைக் கழற்றினேன்.
பெட்டியின் விலாவில் துளையிட்டு,
இரண்டு வயர், ஒரு மின்தடை,
ஈயம் உருகிப் பொட்டாய் உட்கார்ந்தது.
ஆறாவதையே மாட்டினேன், செம்மஞ்சள்.
அதை அவன் முகத்தில் சோதிக்கவில்லை.

போட்டால், எல்லாம் தலைகீழ்.
வடிகட்டித் தாளைக் கால்வட்டம் மாற்றி ஒட்டியிருக்கிறேன்.
வெளிச்சமாக இருக்கவேண்டிய திரை கறுப்பு,
கறுப்பாக விழவேண்டிய கட்டைகள்
தணல் துண்டுகளாய் விழுகின்றன.
உரித்து மறுபடி ஒட்டப் பிளேடைத் தேடினேன்.
கையில் எடுத்தும்விட்டேன்.

அப்புறம் பார்த்தேன்,
கறுப்புத் திரை அவன்மேல் எதையும் கொட்டவில்லை.
கட்டை குவியும்போது மட்டும்
தாடை விளிம்பில் லேசாக ஒரு கோடு.
வரிசை நிறைந்து கரைந்தால் அதுவும் போய்விடும்.

தப்பு அப்படியே இருக்கிறது.
மேலிடது மூலையில் ஒரு தூசியும்
உள்ளே மாட்டிக்கொண்டது.
சுவிட்சை இதுவரை அவன் தொடவில்லை.
நான்தான், பதினேழாம் வரிசையில் தோற்றதும்,
டக்கென்று.