நாற்பத்திரண்டாவது பிரதி

ஓசூர் ரோட்டில் லாரிச் சத்தம் ஓயவில்லை.
குருமடத்தின் மேல்மாடியில் எங்கள் அறை.
நாளைக் காலைக்குள் கொடுக்க வேண்டும்:
'உன் வாழ்க்கையை எழுது. பத்துப் பக்கம்.
இறையழைத்தல் எப்போது வந்தது?'
ஃபாதர் மஸ்கரேனஸ் எல்லோருக்கும் தந்த வேலை.

ஏழாம் பக்கத்தில்
என் புதுநன்மையைப் பெரிதுபடுத்திக்கொண்டிருந்தேன்.
பிரதர் கியெம் பேனா மூடியைக்கூடக் கழற்றவில்லை.
நாற்பத்து நான்கு வயது,
வகுப்பில் எங்களுக்கெல்லாம் மூத்தவர்.
"எத்தனை பிரதி?" என்றார்.
ஒன்றுதான் என்றேன்.
நம்பவில்லை.

வியட்நாமில், முகாமில்,
ஆறு வருஷத்தில் நாற்பத்தொரு தடவை
எழுத வைத்தார்களாம், இதையேதான்.
பிறந்த ஊர், அப்பாவின் நிலம்,
குருமடம் சேர்ந்த காரணம், கூட இருந்தவர்கள்.
போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும்
ஒரு வரி மாறினால்
அன்றைக்கு மரவள்ளிக்கிழங்கு பாதி.
அதனால் எல்லாம் மனப்பாடம்,
எழுத்துப்பிழைகள் உட்பட.

"நாற்பத்தொன்றிலும் ஒரு ஆளை விட்டுவிட்டேன்"
என்று சொல்லிவிட்டு,
ராகி முத்தையை மென்று தின்னக் கூடாது, விழுங்க வேண்டும் என்று
சமையல்காரர் திட்டிய கதைக்குப் போய்விட்டார்.

நான் தூங்கிப்போனேன்.

நாலரை மணி அடிக்கையில்
அவர் மேஜையில் பத்துப் பக்கமும் தயார்.
பேனாவில் எழுதியது எல்லாம்,
கடைசிப் பக்கத்தில் ஒரு சொல் தவிர.
அது பென்சில். அழித்திருந்தார்.
ரப்பர் துகளை ஊதவில்லை.
விரலால் ஒற்றி ஒற்றி எடுத்து
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
சேப்பலுக்கு இறங்கினார்.

தாளைச் சற்றுச் சாய்த்தால்
பென்சில் அழுத்திய பள்ளம் தெரியும்.
வாசித்துவிடலாம்.

மேஜை விளக்கை அணைத்தேன்.