பிழைப்புள்ளி

சத்துவாச்சாரி, இரண்டாம் மாடி.
ஏசி ஓடுவது கணினிகளுக்காக.
மிச்சக் குளிர் எனக்கும் மெஹருன்னிசாவுக்கும்.
புள்ளிக்கு ஒன்றேகால் ரூபாய்.

எங்கோ ஓர் அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில்
பஞ்சில் படுத்திருக்கும் பற்களுக்கு
அவை கிடைத்த இடத்தைத் தேடிக் கொடுப்பதுதான் வேலை.
பைக்காவின் பற்கள்.
முயலுக்குத் தம்பி முறை,
கைக்குள் அடங்கும் உடம்பு, வட்டக் காது,
வாலே கிடையாது.
கோடையில் புல்லறுத்துப் பாறையிடுக்கில் காயவைத்துப்
பனிக்காலம் முழுக்கத் தின்னும்.
வெயில் கொஞ்சம் ஏறினாலே செத்துவிடுமாம்.
"நம்ம பஸ் ஸ்டாண்டுல எறக்கி வுட்டா
ஒரு டீ குடிக்கிற நேரம்கூடத் தாங்காதுடி"
என்றாள் மெஹருன்னிசா.

மே பதினொன்று. நூற்றெட்டு டிகிரி.
அட்டை எண் 2217, நீல மை, சாய்ந்த கையெழுத்து.
தட்டினேன்.
மங்கோலியாவிலும் சைபீரியாவிலும்
அம்மை போட்டதுபோல் குவிந்த சிவப்பை விட்டு
ஒரே ஒரு புள்ளி தன்னந்தனியே தெற்கே வந்து
பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே விழுந்தது.

பெரிதாக்கினேன்.
மணல் அள்ளிய பள்ளம், சீமைக்கருவேலம்,
வெயிலில் விரித்த லாட்ஜ் போர்வைகள்.
அரசனில்லாத கோட்டை, நீரில்லாத ஆறு,
மரமில்லாத மலை என்று
ஊரே சொல்லிச் சிரிக்கும் பட்டியலில்
வாலில்லாத முயலும் சேர்ந்துகொண்டது.

அழிக்க மனமில்லை.
அரை மணி நேரம் அது எங்கள் ஊர்க்காரனாக இருந்தது.

பிறகு பூதக்கண்ணாடி.
அட்டையின் மடிப்பில் மை தேய்ந்து
நான்கு ஒன்றாகியிருந்தது.
பன்னிரண்டல்ல, நாற்பத்திரண்டு.
"முப்பது பாகை தூக்கி மேல வை."
வைத்தேன். கஜகஸ்தான், ஒரு மலையடிவாரம்.

அட்டையின் பின்புறம் பென்சிலில் இரண்டு வரி:
குகை. ஆந்தை கக்கிய எச்சம்.

அப்படியானால் பைக்கா அங்கே வாழவில்லை.
வேறெங்கோ புல் சுமந்து ஓடியதை
ஆந்தை தூக்கிவந்து, செரித்து,
பல்லை மட்டும் திருப்பித் தந்திருக்கிறது.
சரியான புள்ளியும்
ஆந்தை உட்கார்ந்த இடம்தான்.
எங்கள் மலைகளோ
பல்லென்று ஒன்று உலகுக்கு வருமுன்பே இறுகியவை.
எதையும் வாங்கி வைத்துக்கொள்ளாத பாறை.
இங்கே வெள்ளையாகக் கிடக்கும் வரைபடம்
இல்லை என்றா சொல்கிறது?
மெஹருன்னிசாவைக் கேட்டேன்.
"சேமி. மணி ஆறு."

திருத்தத்துக்குக் காசில்லை.

கீழே இறங்கினால்
தார்ச்சாலை இன்னும் கொதித்தது.
ஸ்கேன் உறையை மார்போடு அணைத்தபடி
வங்காளி ஒருவர் லாட்ஜின் பெயர் சொல்லி வழி கேட்டார்.
நேராக, பிறகு இடது, என்று கைநீட்டினேன்.
அவர் கூட்டத்தில் மறைந்த பிறகே உறைத்தது,
வலது.