மூன்றும் எட்டும்

காவேரிப்பட்டணம் ரோட்டில்
எடைமேடையில் எனக்குப் பத்தொன்பது வருடம்.
லோடு எடைக்கு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவன்
காலி எடைக்கு டீ குடிக்கப் போயிருப்பான்.
தார்ப்பாய்க்கு அடியில் கிளீனர் பையன் படுத்திருப்பான்.
ஒரு தடவை பெங்களூரா மாங்காய்களுக்கு நடுவே
ஆட்டுக்கல் குழவிகள் இருந்தன,
கழுவித் துடைத்து, காம்பு மேலே இருப்பதுபோல் அடுக்கி.
இந்த வேலையில் நம்புகிறவனுக்குச்
சம்பளத்தில் பிடிப்பார்கள்.

புதன்கிழமைதோறும் அன்பியக் கூட்டம்.
அமலோற்பவம் வீட்டு மொட்டைமாடியில்
பாய் விரித்துப் பதினோரு பேர்.
மன்றாட்டில் என் முறை வரும்போது
'உலக சமாதானத்துக்காக' என்பேன்.
நான்கு வருடமாக உலக சமாதானம்தான்.
அதை யாரும் குழாயடியில் போய்ச் சொல்ல முடியாது.

முன்பு பர்கூரில் இருந்தபோது
'அண்ணன் ஜெயிலில் இருக்கிறான், ஜெபியுங்கள்' என்று
அழுதுகொண்டே கேட்டேன்.
ஜெபித்தார்கள்.
ஞாயிறு பூசைக்குள் ஊரே ஜெபித்தது.
தங்கைக்குப் பேசி வைத்த இடத்திலிருந்து
தட்டு திரும்பி வந்தது.

போன தை மாதத்திலிருந்து
சிவப்பு எழுத்தில் மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரிகிறது.
சர்க்கரை என்றார் டாக்டர்.
கண்ணுக்குள் ஏதோ கசிகிறதாம்.
முதலாளிக்குத் தெரிந்தால்
அன்று மாலையே கணக்கு முடிப்பார்.
கெட்டவர் இல்லை,
எடைமேடை வைத்திருக்கிறார்.

கூட்டத்தில் புத்தகம் கைமாறி வரும்,
ஆளுக்கு இரண்டு வசனம்.
'தொண்டை சரியில்ல' என்று அடுத்தவரிடம் தள்ளிவிடுவேன்.
அந்தத் தொண்டைக்காகத் தெக்கிளா ஒரு நாள்
தூக்குப்போசியில் மிளகுக் கஷாயம் கொண்டுவந்தாள்.
முழுசாகக் குடித்தேன், வேறு வழி?

ஆனியில் ஒரு புதன். கரண்ட் போய்விட்டது.
ஒற்றை மெழுகுவர்த்தி. புத்தகம் என் மடிக்கு வந்தது.
எதிரே கஸ்பார்,
என் மேடையில் தினமும் இரண்டு லோடு ஏற்றுகிறவன்.
இருட்டில் அவன் முகம் தெரியவில்லை.
அதனால்தானோ என்னவோ
வாய் வந்தது:
'எனக்கு எழுத்து தெரியல. ஆறு மாசமா.'

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.
யாரும் தோளில் கை வைக்கவில்லை.
தெக்கிளா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து
துண்டு துண்டாக வாசித்தாள்.
நான் அவளுக்குப் பின்னால் சொன்னேன்,
கல்யாணத்தன்று சாமியார் சொல்லச் சொல்ல
வார்த்தைப்பாடு கொடுத்ததுபோல.
அப்புறம் சுண்டல்.

அந்த வாரம் தூங்கவில்லை.
பத்து வாய்களை எண்ணிக்கொண்டே கிடந்தேன்.
சகாயத்தின் மைத்துனன் முதலாளிக்கு டிரைவர்.
அமலோற்பவத்துக்கு எதையும் மறைக்கத் தெரியாது.
வெள்ளிக்கிழமை முதலாளி கூப்பிட்டார்.
ஒப்படைக்க அறைச் சாவியையும் எடுத்துக்கொண்டே போனேன்.
ஜெனரேட்டர் டீசல் கணக்கு கேட்டார்.

சனிக்கிழமை கஸ்பாரின் வண்டி.
லோடு ஏறி நின்றதும் இறங்கினான்.
டீக்குப் போகவில்லை.
என் ஜன்னலோரம் வந்து
பல் குத்திக்கொண்டே
தனக்குத்தானே பேசுகிற மாதிரி,
'பதிமூணாயிரத்து எண்ணூத்தி முப்பது.'

மூன்று, எட்டு, மறுபடி மூன்று.
அவன் வண்டி.
அவன் மாங்காய்.
அவனே சொல்கிற எடை.

பேனாவைக் கீழே வைத்தேன்.
கண்ணாடியில் மூக்கு இடிக்க எட்டிப் பார்த்தேன்.
அவன் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.
கோபப்படவில்லை.
எடை சரியாகத்தான் இருந்தது.

சேலத்துக் கண் ஆஸ்பத்திரியில்
தெக்கிளா டோக்கன் போட்டிருக்கிறாள், ஆடி முதல் செவ்வாய்க்கு.
குழாயடியில் யாரோ பேசியும் இருக்கிறார்கள்.
தண்ணீர் கேன் போடுகிற பையன் நேற்று
'அண்ணே, கண்ணு எப்படி இருக்கு?' என்றான்.
இந்தப் புதன் போக வேண்டாமென்று
செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டேன்.
பிறகு மாட்டிக்கொண்டேன்.

கஸ்பார் தினமும் எடை சொல்கிறான்.
நான் இன்னமும் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறேன்.
இப்போதெல்லாம்
எழுதிய பிறகு.