நான்காம் நிலைக் கட்டுப்பாடு

கூனம்பிள் ஊரில் ஆறு
வரைபடத்தில் மட்டும் நீலம்.
நகரசபை ஒட்டிய தாளில் நான்காம் நிலை:
கார் கழுவாதே, புல் நனைக்காதே,
ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வாளி.
எண்ணெய் கழுவுவதைப் பற்றி
அதில் ஒரு வரியும் இல்லை.

கிழமைக்கு இரண்டு தரம் பாரி வருவான்.
கிளப் சமையலறையும் மீன்கடையும்
பொரித்துக் களைத்த எண்ணெயை இறக்குவான்.
மெதனோலும் காரமும் சேர்த்து
ஓரிரவு கிளறினால்
மேலே டீசல், அடியில் கிளிசரின்.
அவ்வளவுதான் என்று எழுதியிருக்கும்.
அவ்வளவு இல்லை.
பிரிந்த பிறகும் கொஞ்சம் கிளிசரின்
மேலேயே தங்கிவிடும்,
விருந்து முடிந்தும் செருப்பைத் தேடாத
சொந்தக்காரர்போல.

அதை வெளியேற்ற
லீற்றருக்கு மூன்று லீற்றர் தண்ணீர்.
கழுவிய நீரை எங்கே கொட்டுவது?
வேலியோரம் ஊற்றினோம்;
மண் சவர்க்காரமாய் நுரைத்தது.
போன மாதம் அவசரத்தில் வேகமாய்க் கலக்கி
நானூறு லீற்றரை மோராக்கினேன்.
எண்ணெயும் நீரும்
ஒன்றையொன்று விடாமல் வெள்ளையாய் நின்றன.
கிளெனிஸ் ஒன்றும் கதைக்கவில்லை.
மழைத்தொட்டியை விரலால் தட்டிப் பார்த்தாள்.
வெறும் தொட்டியின் சத்தம்
எந்தத் திட்டையும் விட நீளம்.

பிறகுதான் இந்த உப்பு.
கோழித்தீவனத்தில் சேர்ப்பார்கள்,
கோலின் குளோரைட்டு.
மூடியைத் திறந்தால் போதும்,
காற்றைக் கண்டு வியர்க்கும்.
கொட்ட இடமில்லாமல் பீப்பாயில் கிடந்த
எங்கள் கிளிசரினையே சுத்தம் செய்து
அதனோடு சேர்த்தேன்.
எண்பது பாகையில் கிளறக் கிளற
உப்பு தன் விறைப்பை விட்டது.
தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை,
குடுவையில் ஆனாலும் தெளிந்து நின்றது
தண்ணீர்போல ஒன்று,
தேனைவிடச் சற்று இளகலாக.

முள்ளை முள்ளால் எடு என்றவருக்கு
இரசாயனம் தெரிந்திருக்காது.
டீசலில் ஊற்றிக் காத்திருந்தேன்.
ஒளிந்திருந்த கிளிசரின்
தன் இனத்தை மோப்பம் பிடித்து
ஒவ்வொன்றாய்க் கீழே இறங்கி வந்தது.

டப்போவிலிருந்து சோதனைத் தாள்.
எல்லை: பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு.
எங்களுடையது
பூச்சியம் தசம் பூச்சியம் ஒன்று எட்டு.
இத்தனை சிறிய வெற்றிக்கு
யார் கை தட்டுவார்?
பாரி ஹோர்னை ஒருதரம் அழுத்தினான்.

ஊற்றியதை மீட்டுத் திரும்பப் பாவிக்க
இன்னும் சரியாக வரவில்லை எனக்கு.
மூன்றாம் சுற்றில் சோர்ந்துவிடுகிறது.
அதைப் பிறகு பார்ப்போம்.

அன்று பின்னேரம்
கழுவலுக்கென ஒதுக்கிய தண்ணீர்
தொட்டியில் அப்படியே இருந்தது.
கிளெனிஸ் இரண்டு வாளி நிரப்பி
என் முன்னால் வைத்துவிட்டு
திரும்பிப் பாராமல் நடந்தாள்.

ஆறு கிழமைக்குப் பிறகு
தலையில் முழுகினேன்.
முடியிலிருந்து வழிந்தோடியது
மீன்கடையின்
ஒரு முழு வெள்ளிக்கிழமை.