சீனி வருத்தம்

எறும்புகளுக்குத்தான் முதலில் தெரிந்தது.
லயத்துக்குப் பின்னால், வேலியோரம்
நான் உட்கார்ந்து எழுந்த இடத்தில்
என் ஒன்பது வயதிலேயே வரிசை கட்டின.
அப்பா பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல்
காலால் மண்ணைத் தள்ளி மூடினார்.

அவர் வாயில் அது 'சீனி வருத்தம்'.
கடலுக்கு அந்தப் பக்கம்
வியாதிக்கு வருத்தம் என்று பெயர்.
மஞ்சூர் ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னபோது
நர்ஸ் கேட்டாள்:
"சீனி இல்லேன்னு வருத்தமா?"
அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

வெறுந்தேத்தண்ணி. உள்ளங்கையில் ஒரு சிட்டிகைச் சீனி.
ஒரு மிடறு, ஒரு நக்கு.
அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.
"வாயைக் கட்டணும் செல்லக்கண்ணு"
என்றார் கணக்கப்பிள்ளை, என்றார் கம்பவுண்டர்,
என்றார்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட.
கட்டிய வாயோடு
கட்டைவிரலைக் கொடுத்தார், பிறகு ஒரு கண்ணை,
பிறகு ஒரு தை மாதம்
மிச்சத்தை.

எனக்குப் பதினேழில்.
ஒல்லிப் பெண், ஊசிதான் என்றார்கள்.
இந்தக் குளிருக்கு ஃபிரிட்ஜ் எதற்கு என்பீர்கள்.
மார்கழியில் பள்ளத்துப் புல் வெளுக்கும்போது
மருந்தும் உறையும்.
உறைந்தால் அது வெறும் தண்ணீர்.
குப்பியைத் துணியில் சுற்றி
வயிற்றருகே வைத்துத் தூங்கினேன்
பதினாறு பனிக்காலம்.
கல்யாணமான புதிதில் இவர் கேட்டார்,
நமக்கு நடுவில் படுத்திருப்பது யார் என்று.

கோயம்புத்தூரில் ஒரு டாக்டர், சின்ன வயசு,
என் சர்க்கரையைக் கேட்கவில்லை, சொந்தங்களைக் கேட்டார்.
ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம்.
அப்பாவைக் கறுப்பாக்கினார்.
மஸ்கெலியாவிலேயே தங்கிவிட்ட சிவனம்மா அத்தை, கறுப்பு.
அத்தை மகன், இருபத்திரண்டில், கறுப்பு.
என் வட்டத்தைத் தீட்டப்
பேனாவை நானே வாங்கிக்கொண்டேன்.

இருபத்தாறு நாள் கழித்துத் தாள் வந்தது.
ஓரிடத்தில் ஓர் எழுத்து கூடுதலாம்.
ஓர் எழுத்துக்கா இவ்வளவு?
இலை நிறுக்கிறவள் நான், எனக்குப் புரிந்தது.
பேரேட்டில் ஒரு வரி தள்ளி எழுதிவிட்டால்
அன்றைக்கு எல்லார் கூலியும்
அடுத்தவள் பேரில் விழும்.

"தின்னு வந்ததில்லைம்மா இது" என்றார்.
பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி, பூவா தலையா.
ஊசியை மெல்ல நிறுத்திவிடலாம்,
அரை மாத்திரை போதும்.

அரை மாத்திரை.
பஸ் டிக்கெட்டை விட மலிவு.
ஊசியை விட்டவளுக்கு
கெத்தை வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் அப்பாவின் கட்டைவிரல் திரும்பி வந்தது.
யாரிடம் போய்ச் சொல்ல,
அந்தச் சீனி இல்லை அப்பா,
அந்தச் சிட்டிகை இல்லை.

கப்பலிறங்கி மண்டபம் முகாமில் எழுதிக் கொடுத்த பட்டியல்
இன்னும் எங்கள் பெட்டியில் இருக்கிறது.
தகரப்பெட்டி மூன்று. தையல் மெஷின் ஒன்று.
குத்துவிளக்கு ஒரு சோடி.
சோதனை செய்தவர் கையெழுத்து.

தம்பி யோகராசுக்கு இல்லை என்று வந்தது.
இருபது வருஷமாகப் பாயசம் தொடாதவன்.
பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதான்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

இப்போது மடியில் எந்நேரமும் தேன்மிட்டாய்.
சரிவில் ஏறும்போது கை நடுங்கினால்
ஒன்றை வாயில் போட்டுக்கொள்கிறேன்.
சர்க்கரைக்காரி மிட்டாய் தின்கிறாள் பார்
என்கிறார்கள். தின்கிறேன்.

தர்ஷிகாவுக்கு எட்டு முடிந்துவிட்டது.
டைல்ஸ் போட்ட கக்கூஸ், வாளி நிறையத் தண்ணீர்,
எறும்புக்கு வழியே இல்லை.
அவளுக்கான சோதனைப் படிவம் அரிசி டப்பாவுக்கு அடியில்.
இவர் கேட்டால்
இந்த மழை முடியட்டும் என்கிறேன்.
இது மூன்றாவது மழை.

நேற்று சாயங்காலம் தேத்தண்ணி ஆற்றும்போது
உள்ளங்கையை நீட்டினாள்.
யாரும் சொல்லித் தரவில்லை.
ஒரு சிட்டிகை வைத்தேன்.
நக்கிவிட்டு
ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி
வாசலுக்கு ஓடினாள்.

அவள் உட்காரும் இடத்தைப்
பார்க்காமல் இருக்க
அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.