நாற்பது பாய்

தலைக்கு மூன்றரை சதுர மீற்றர்.
சுற்றறிக்கை, மூன்றாம் பக்கம், பிரிவு ஆறு.
முழத்தில் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும்:
பாய் விரித்து, பையை வைத்து,
நித்திரையில் ஒருமுறை புரள்வதற்கு
மிச்சம் ஒரு முழம்.

முன்பு இது சபையின் நிறுவைக் களஞ்சியம்.
கிராண்ட்பாஸ் வெக்கையில் சுண்ணாம்பு உதிர்ந்தாலும்
சுவரில் இன்னும் அந்தர்க் கணக்கு வாசிக்கலாம்.
மூலையில் கிடந்த படிக்கற்களை
காற்றுக்குப் பாய் பறக்காமல் வைத்துக்கொள்கிறோம்.
வாசல் பலகையில் மூன்று மொழியிலும் 'தற்காலிக'.
நானும் தற்காலிகம்தான்,
ஒன்பது வருடமாக.

பெண்கள் பக்கக் கதவுக்கு உட்தாழ்ப்பாள் கட்டாயம்.
ஒரு தாழ்ப்பாளுக்கு மூன்று விலைமனு கட்டாயம்.
பஞ்சிகாவத்தையில் இரண்டு கடைக்காரர் எழுதித் தந்தார்கள்,
மூன்றாமவர் சிரித்தார்.
ஆகையால் எமல்டா இன்னும்
ஒரு காலைக் கதவில் ஊன்றியபடிதான் குளிக்கிறாள்.
தாழ்ப்பாள் காசு டிசம்பர் முப்பத்தொன்றில்
வந்த வழியே திரும்பிப் போனது.

வியாழன் பத்து மணிக்குப் பரிசோதனை.
கடிதம் புதன் இரவுதான் கைக்கு வந்தது.
பதிவேட்டில் அறுபத்திரண்டு பேர்.
தரத்துக்கு நாற்பது.
தரம் இல்லையென்றால் ஒதுக்கீடு இல்லை,
ஒதுக்கீடு இல்லையென்றால் பூட்டு.

விடிய முன்னம் நிஸ்தார் விளக்கைப் போட்டான்.
யார் வெளியே போவது என்று நான்தான் கேட்கவேண்டும்.
பேனை மூடியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.
முதலில் எழும்பினவர் பக்கீர்,
துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போனவர்.
'எப்படியும் தேத்தண்ணி குடிக்கப் போற ஆள்தானே நான்.'
பிறகு பியசீலி, அவள் மகள்,
மகளின் பள்ளிக்கூடப் பை.
பிறகு, பெயர் சொல்லமாட்டேன் என்று நின்றதால்
'மருதானைத் தம்பி' என்றே பதிந்திருக்கும் பெடியன்.
இருபத்திரண்டு பாயைச் சுருட்டி
படிக்கல்லுக்குப் பின்னால் நிமிர்த்தினோம்.

பரிசோதகர் சமரதுங்க செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.
வேறு யாரும் இங்கே அப்படி வந்ததில்லை.
அளவுநாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன்.
பதினான்கு தர பத்து, நூற்று நாற்பது,
நாற்பதால் பிரித்தால் மூன்றரை.
'அப்படியே சரியாக வருதே' என்றார்.
சுருட்டின பாய்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
மழை வரும்போல இருக்கு என்றார்.
கையெழுத்து வைத்தார்.

மழை வந்தது.
எதிரே பஸ் தரிப்பிடம், எட்டடித் தகரக் கூரை,
அதன் கீழே எங்கள் ஆட்கள்.
சபை வாகனத்துக்கு டீசல் ஒதுக்கீடும் முடிந்ததாம்.
கோப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
சமரதுங்க வீதியைக் கடந்து ஓடினார்.
பியசீலி மகளைத் தன்னோடு இழுத்தாள்.
பக்கீர் பின்னால் நகர்ந்தார்,
அவருக்குப் பின்னால் நின்றவர் நகர்ந்தார்,
ஓரத்தில் நின்ற தம்பி மழைக்குள் போனான்.
பரிசோதகருக்கு இடம் கிடைத்தது.
ஜன்னலில் நின்று கண்ணால் அளந்தேன்.
ஒரு சாண் இருக்கும்.
மட்டக்குளி பஸ் வரும்வரைக்கும்
அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.
யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவுமில்லை.

நாற்பது தலைக்கு அனுமதி வந்தது.
ஆளுக்கு இருநூறு கிராம், எட்டுக் கிலோ அரிசி.
சோறாக வடித்தால் காணாது.
கஞ்சிக்கு உலை வைத்தபடி நிஸ்தார் கேட்டான்,
தண்ணி எத்தனை பேருக்கு?
பதிவேட்டை விரலால் ஓட்டினேன்.
எல்லாரும் நனைந்த உடுப்போடு வந்து சேர்ந்திருந்தார்கள்,
மருதானைத் தம்பியின் கட்டம்தான் வெறுமை.
அறுபத்தொன்று என்று அவனே எண்ணிச் சொன்னான்.
அறுபத்திரண்டுக்கே வை என்றேன்.