பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்

உங்கள் எண்ணைக் குறித்துக்கொண்டோம்,
பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்
திரும்ப அழைப்போம் என்றது
பதிவுசெய்த பெண்குரல்.
குஹ்மோ சாலையோரம்
மரம் ஏற்றும் திடலில் லாரியை நிறுத்தி
ஒத்திகை பார்க்கிறேன்.

தைஸ்தோ ஹூஸ்கோனென். வயது ஐம்பத்தாறு.
இதை அவர்களே கேட்பார்கள்.
அதற்குமேல்தான் நாக்கு எழவில்லை.

முதல் வாரம்
முகமூடி அழுத்தி மூக்குத்தண்டில் புண்.
இரண்டாம் வாரம்
படுக்கையறைக் குளிரில் குழாய்க்குள் ஈரம் திரண்டு
விடிகாலை மூன்று மணிக்கு
என் மூக்கில் கொட்டியது.
கட்டிலில் படுத்தபடியே ஏரியில் மூழ்கிய
முதல் ஆள் நானாக இருப்பேன் என்றேன்.
ரைலி சிரிக்கவில்லை.
குழாய்க்குக் கம்பளி உறை பின்ன உட்கார்ந்தாள்,
ஒன்றரை மீட்டர் நீளத்தில்
பாதமே இல்லாத ஒரு காலுறை.

அப்புறம் தாடியை எடுத்தேன்.
இருபத்தெட்டு வருடத் தாடி.
காற்று கசியக் கூடாதாம்.
கண்ணாடியில் எவனுடையதோ வெளுத்த தாடை.
நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது,
மோந்து பார்த்துவிட்டு வெட்கப்பட்டது.
கசிவு மட்டும் நிற்கவில்லை,
கெட்டில் கொதிப்பதுபோல ராமுழுக்க விசில்.
ரைலி தலையணையை எடுத்துக்கொண்டு
சமையலறை பெஞ்சுக்குப் போனாள்.

அடுத்ததைச் சொல்வதா வேண்டாமா தெரியவில்லை.

இரவுக்கு நான்கு மணி நேரமாவது மாட்டியிருக்க வேண்டும்,
எந்திரமே எண்ணிக் கயானி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்,
கணக்கு இடித்தால்
உரிமத்தைப் பற்றிப் பேசவேண்டி வரும் என்றார்கள்.
ஒன்பது இரவுகள்
முகமூடியைப் பக்கத்துத் தலையணைமேல் வைத்து ஓடவிட்டேன்.
தலையணை அருமையாகத் தூங்கியது.
பத்தாம் நாள் சின்னத் திரையில் ஒரு வரி:
மூச்சு கண்டறியப்படவில்லை.
பதினைந்து வருடமாக
ரைலி சொல்லிவருவதும் இதேதான்.
முழங்கையால் இடித்து இடித்து
அவள் முழங்கைக்கே தோல் தடித்துப்போனது.

செவ்வாய்க்கிழமை நடந்தது வேறு.
அறுபது டன் பைன் மரம் பின்னால்.
ரேடியோவில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தான்,
கைனூவில் மைனஸ் பதினேழு.
பிறகு மீன்பிடிப்பு பற்றி ஏதோ.
நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தேன்.
பாலத்தைக் கடந்த ஞாபகம் இல்லை.
இரண்டு கையும் ஸ்டியரிங்கில், சரியான இடத்தில்.

கம்பெனியில் மூச்சு விடவில்லை.
ரைலியிடமும் மூச்சு விடவில்லை.
ராத்திரி விடாத மூச்சும்
பகலில் விடாத மூச்சும்
ஒரே கணக்கில்தான் சேருகிறதோ என்னவோ.

பத்து நாற்பத்தேழுக்கு மணி அடித்தது.
சளி பிடித்த குரல், இருமிக்கொண்டே
சிர்க்கா, நுரையீரல் பிரிவு என்றாள்.
ஒத்திகை மொத்தமும் பறந்துபோயிற்று.
முடியவில்லை என்றேன்.
என்ன முடியவில்லை என்று அவள் கேட்கவில்லை,
காத்திருந்தாள்.
தலையணை விஷயத்தைச் சொன்னேன்.
அது முன்பே தெரியும் என்றாள்,
உங்களுக்கு முன்னால் ஒருத்தர்
பொம்மைக்கரடிக்கு மாட்டிவிட்டார்.
பாலத்தைச் சொன்னேன்.
இருமல் நின்றது.

வியாழன் ஒன்பதரை.
மூக்குத்துளையோடு நிற்கிற சின்ன வகை ஒன்று இருக்கிறதாம்,
காற்றின் அழுத்தத்தையும் குறைத்துப் பார்க்கலாமாம்.
ஒத்துவராவிட்டால்
இன்னொன்று, இன்னொரு டாக்டர்.
அந்தக் காலுறையையும் கொண்டுவாருங்கள்,
அளவு எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.
அதுவரை வண்டி ஓட்டக் கூடாது.
வீடு வரைக்கும்கூடவா?
வீடு வரைக்கும்கூட.

சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன்.
ரைலிக்கு அடித்து
வந்து கூட்டிக்கொண்டு போ என்றேன்.
நாற்பது நிமிடம் ஆகும் என்றாள்.
வேறொன்றும் கேட்கவில்லை.
கம்பெனிக்கு இன்னும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும்.
முன்கண்ணாடியில் பனி விழுந்து
முதலில் சாலை போயிற்று,
பிறகு மரங்கள்.
துடைப்பானைப் போடவில்லை.